சல்பா ஆகாது

2024 ஆகஸ்ட் 7, புதன்கிழமை, காலை மணி பத்து நாற்பது. வெளியே தூறல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பின் கூரைகள் நனைந்துகொண்டிருந்தன. அறைக்குள் ஏசி இருபத்து மூன்றில் இருந்தது. நான் இருபத்தாறு கேட்டிருந்தேன். அதைப் பற்றி நர்ஸிடம் நான்காவது முறையாகச் சொல்ல வாயெடுத்தபோது எலும்பு டாக்டர் உள்ளே வந்தார். என் மனைவியின் வலது முழங்காலில் பொருத்தியிருந்த புது மூட்டைத் திங்கட்கிழமை கழற்றிவிட வேண்டும் என்றார்.

மூட்டு வைத்து இருபத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பத்தாம் நாள் தையலோரம் ஈரம் கசிந்தது. பன்னிரண்டாம் நாள் மறுபடி திறந்து கழுவினார்கள். உள்ளே இருந்தது ஆஸ்பத்திரிகளிலேயே வளர்ந்து ஆஸ்பத்திரி மருந்துகளுக்கெல்லாம் பழகிப்போன ஒரு கிருமி. முதலில் போட்ட ஊசிமருந்து கிருமியை அடக்கியது, கூடவே சிறுநீரகத்தையும் கடித்தது. கிரியாட்டினின் நாளுக்கு நாள் ஏறியது. அதை நிறுத்தி வேறொரு மாத்திரைக்கு மாற்றினார்கள். அதில் பிளேட்லெட் இறங்கியது. உலோகத்தின் மேல் ஒட்டியிருக்கும் கிருமியைக் கொல்ல ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். ஆறு நாள்கூட தாங்காத மருந்தை ஆறு மாதம் எப்படிக் கொடுப்பது? அதனால் மூட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மருந்து கலந்த சிமென்ட் கட்டி வைப்பதாகச் சொன்னார். கிருமி போன பிறகு யோசிக்கலாமாம்.

"எடுத்துட்டா மறுபடி வைப்பீங்களா?" என்று என் மனைவி தெலுங்கில் கேட்டாள்.

"பார்க்கலாம் அம்மா" என்றார் அவர்.

நான் முப்பத்து நான்கு வருடம் குஷாய்குடா பக்கத்து மின்னணுத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவன். அங்கே 'பார்க்கலாம்' என்று எழுதப்பட்ட கோப்பு எதுவும் திரும்பி வந்ததில்லை. அவளுக்கு அறுபத்தொன்பது வயது. இடது முழங்காலும் உதவாது. மூட்டில்லாத காலோடு ஆறு மாதம் படுத்தால் அப்புறம் எழுந்து நடப்பாளா என்பதுதான் கேள்வி. அவள் கேட்டதும் அதைத்தான்.

மதியம் கிருமி டாக்டர் வந்தார். நாங்கள் அப்படித்தான் அவரைக் கூப்பிட்டோம். தொற்றுநோய்களுக்கென்றே படித்த பெண், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவர் நுழையும்போது என் மனைவி சாப்பாட்டு வண்டிக்காரியிடம், "நக்கோம்மா, உப்மா நக்கோ" என்று அந்த ஊர் உருதுவில் மறுத்துவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில், "இதைப் பூசி சுவரை அடைக்கலாம்" என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "தமிழா நீங்க? நான் திருநெல்வேலிம்மா."

"அப்போ உப்புமா பத்தி உங்களுக்குத் தெரியும்" என்றாள் இவள்.

என்னை மட்டும் வெளியே நர்ஸ்கள் மேஜைக்கு அழைத்துப்போய் மடிக்கணினியைத் திறந்தார். அவர்கள் ஆஸ்பத்திரியில் எந்தக் கிருமி எந்த மருந்துக்குச் சாகிறது என்று வருடாவருடம் போடும் கணக்கு. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கோடு. எனக்கு அது புதிதல்ல. வாழ்நாள் முழுவதும் பாகங்கள் பழுதாகும் விகிதத்தை இதேபோல் கோடு போட்டுத்தான் சம்பளம் வாங்கினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இது இறங்குகிறது, அதுவும் இறங்குகிறது, இன்னொன்று படிக்கட்டில் உருண்ட மாதிரி இறங்குகிறது. எல்லாம் எங்கள் கம்பெனி மருத்துவத் திட்டத்தில் கேள்வி கேட்காமல் எழுதிக் கொடுக்கும் மருந்துகள். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு கோடு மட்டும் எதிர்த்திசையில் ஏறிக்கொண்டிருந்தது.

"இது ஏன் மேல போகுது? தப்பா போட்டிருக்கா?"

"தப்பில்ல சார். அதைக் காட்டத்தான் கூப்பிட்டேன். இது பழைய சல்பா மாத்திரை. நான் படிக்கும்போது இதுக்குப் பாதிக் கிருமி சாகாது. அப்புறம் புதுசு புதுசா மருந்து வந்துச்சு, எல்லாரும் இதை எழுதுறதையே விட்டுட்டாங்க. எதிர்த்து நிக்க ஆளே இல்லன்னா கிருமி எதுக்குச் சும்மா கேடயத்தைத் தூக்கிட்டு அலையும்? அதுக்கும் செலவுதானே. கீழ போட்டுடுச்சு."

எனக்கு உடனே விளங்கியது. எங்கள் ஆலையில் ஒரு பழைய உற்பத்தி வரிசையை மூடினால் அதற்கான சோதனைக் கருவிகள் இரண்டு மூன்று வருடம் மூலையில் நிற்கும். அப்புறம் இடத்தை அடைக்கிறது என்று காயலான் கடைக்குப் போய்விடும். நாளைக்கு யாராவது அந்தப் பழைய பாகத்தைக் கொண்டுவந்தால் சோதிக்க ஒன்றும் இருக்காது. கிருமியும் அப்படித் தன் கருவியை எடைக்குப் போட்டிருக்கிறது.

"இவளுக்கு வந்த கிருமி?"

அவர் தன் செல்போனில் ஒரு படம் காட்டினார். வட்டத் தட்டில் வெண்மையாகக் கிருமி படர்ந்திருந்தது. நடுநடுவே மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகள். பல வில்லைகளின் விளிம்பு வரைக்கும் கிருமி கூச்சமில்லாமல் வளர்ந்திருந்தது. சல்பா வில்லையைச் சுற்றித் துடைத்துவிட்டாற்போல் ஒரு வட்டம். விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன். சொன்னார். போதுமா என்றேன். தேவைக்கு மேலேயே இருக்கிறது என்றார்.

"அப்போ குடுக்க வேண்டியதுதானே?"

"எப்படி சார் குடுப்பேன்? கையில சிகப்புப் பட்டை கட்டியிருக்கே."

அந்தப் பட்டைக்குக் காரணம் நான். என் மனைவியைக் கூட்டிக்கொண்டு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பெயர், வயது சொன்ன கையோடு "சல்பா ஆகாது" என்பேன். பல் டாக்டரிடமும் சொல்லியிருக்கிறேன், கண்ணாடிக் கடையில் கண் சோதித்தவரிடமும் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் சேர்க்கும்போது சொன்னேன். உடனே மணிக்கட்டில் ஒவ்வாமைக்கான சிவப்புப் பட்டையை மாட்டிவிட்டார்கள். எங்கள் ஆலையிலும் அப்படித்தான். ஒரு பெட்டிக்கு நிராகரிப்புச் சீட்டு கட்டிவிட்டால் அடுத்த மேஜைக்காரன் அதைத் திறக்கவே மாட்டான். திறந்தால் அவன் பொறுப்பு.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். 1986, தொழிற்சாலை குடியிருப்பு. அவளுக்குச் சிறுநீர்க் கடுப்பும் காய்ச்சலும். குடியிருப்பு மருந்தகத்தில் சல்பா மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் உடம்பில் தடிப்பு. நானே அழைத்துப்போனேன். அங்கிருந்த டாக்டர் 'என்ன மாத்திரை சாப்பிட்டார்' என்று கேட்டார், நான் சொன்னேன், சல்பா ஒவ்வாமை என்று முடிவு செய்தார். கச்சிதமான வரலாறு. முப்பத்தெட்டு வருடமாக ஒரு சொல் மாறாமல் சொல்லிவருகிறேன்.

"சரி சார்" என்றார் டாக்டர். "இப்போ அம்மாகிட்ட கேட்போம்."

"அவளுக்குத் தேதியெல்லாம் ஞாபகம் இருக்காது."

"தேதி வேண்டாம். தடிப்பு எங்க வந்துச்சுன்னு தெரிஞ்சா போதும்."

கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "அம்மா, அந்தக் காலத்துல மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடிச்சுதாமே. எங்கெங்க தடிச்சுது?"

"உடம்பெல்லாம் எங்க? ரெண்டே இடம். பிடரில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு." புரண்டு படுக்க முடியாததால் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுக் காட்டினாள். "கொப்புளமா வந்து தண்ணி வடிஞ்சுது. மாசக் கணக்குல கறுப்பா தழும்பு இருந்தது."

"வாய்ல புண்ணு? கண்ணு சிவந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"மாத்திரை சாப்பிட்டு எத்தனாவது நாள்?"

"மூணாவது நாள்" என்றேன் நான்.

"சாப்பிடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அரிச்சுது" என்றாள் அவள்.

நான் எழுந்துவிட்டேன். "என்ன பேசற? மூணாவது நாள்தானே நான் உன்னை டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போனேன்!"

"நீங்க கூட்டிட்டுப் போனது மூணாவது நாள். எனக்கு அரிச்சது அதுக்கு முந்தி. ஆபீஸ் போற மனுஷன் பொண்டாட்டி பிடரியைத் தினமும் பாப்பீங்களா?"

டாக்டர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "சண்டை அப்புறம் போடலாம். அரிப்பு எதனாலன்னு நினைச்சீங்கம்மா?"

"நினைக்கிறதென்ன, தெரியும். டோபி குறி."

மேற்கொண்டு அவள் சொன்னது இது. அந்த வருடம் எங்கள் வரிசைக்குத் துணி எடுக்கப் புது டோபி வந்தார். எந்த வீட்டுத் துணி என்று தெரிய ஒரு மூலையில் குறி போடுவார். பழைய ஆள் நூலால் தைப்பார். புது ஆள் சேங்கொட்டையைக் குத்தி அதன் பாலால் புள்ளி வைத்தார். என் சட்டைக்குக் காலர் பட்டையின் வெளிப்புறம். அவள் ரவிக்கைக்குப் பின் கழுத்தின் உட்புறம், பாவாடைக்கு நாடா நுழைக்கும் பட்டி. அந்தப் புள்ளிகள் தோலில் பட்ட இடம் இரண்டும் புண்ணாகிவிட்டன.

"பக்கத்து குவார்ட்டர்ஸ் மலையாளத்தம்மாவுக்கும் அதே ரெண்டு இடம்" என்றாள். "அவங்க ஒரு மாத்திரையும் சாப்பிடல. நாங்க நாலு பேர் சேர்ந்து டோபிகிட்ட சண்டை போட்டோம். அந்த வாரத்துலேர்ந்து அவரும் நூலுக்கு மாறிட்டார். அப்புறம் யாருக்கும் வரல."

திருநெல்வேலிக்காரி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அம்மா, இதை ஏம்மா இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லல?"

"யார் கேட்டா? அன்னிக்கும் இவர்தான் பேசினார், இன்னிக்கும் இவர்தான் பேசறார். வாசல்ல நுழையும்போதே 'சல்பா ஆகாது, சல்பா ஆகாது'ன்னு சுப்ரபாதம். அதுவுமில்லாம டாக்டர், அந்த மாத்திரை இம்மாம் பெருசு. தொண்டையில சிக்கும். ஆகாதுன்னா நல்லதாப் போச்சுன்னு நானும் விட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சந்தோஷத்துக்கும்தான். இரண்டையும் ஒரே முகத்தில் காட்ட முடியாமல் ஏசியை இருபத்தாறுக்கு ஏற்றச் சொல்லி நர்ஸைக் கூப்பிட்டேன்.

டாக்டர் அவசரப்படவில்லை. மருந்து ஒவ்வாமை அப்படி இரண்டு இடத்தில் மட்டும் புள்ளி வைத்தாற்போல் வருவது அபூர்வம், சேங்கொட்டைப் பால் பட்டால் இப்படித்தான் வரும், இருந்தாலும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்றார். எலும்பு டாக்டரிடம் போனில் பேசினார். திங்கட்கிழமைக்குக் குறித்த ஆபரேஷன் தியேட்டர் அப்படியே இருக்கட்டும், அதற்குள் மாத்திரை ஒத்துக்கொண்டால் மூட்டைத் தொட மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். எனக்கு அவர் 'பார்க்கலாம்' என்று சொல்லாததே பெரிய தெம்பு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கால் மாத்திரை. நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் பார்த்துவிட்டு, ஊசியும் ஆக்ஸிஜனும் தயாராக வைத்துக்கொண்டு கொடுத்தார்கள். நான் வீட்டிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுவந்திருந்தேன். சர்க்யூட் பலகையில் ஈயப் பற்று பிளந்திருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்த கண்ணாடி. அதை அவள் பிடரிக்கு நேராகப் பிடித்தேன்.

"என்ன பண்றீங்க?"

"தடிப்பு வருதான்னு பாக்கறேன்."

"வந்தா எனக்கு அரிக்காதா? நான் என்ன உங்க போர்டா? ஐஎஸ்ஐ முத்திரை குத்தப் போறீங்களா?"

"பேசாம இரு. பேசினா கழுத்து சிவக்குது."

"உங்களுக்கு எதுக்கு இத்தனை பதட்டம்? முழுங்கினது நான்."

பத்து மணிக்கு மிச்ச முக்கால் மாத்திரை. அதை முழுங்க அவளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. பதினொன்று. பன்னிரண்டு. மூலையில் உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன். நிமிடத்துக்குப் பதினாறு, பதினேழு, மறுபடி பதினாறு. ஒன்றரை மணிக்கு மூச்சு மாறியது. பாய்ந்து போய்ப் பார்த்தேன். குறட்டை.

சாயங்காலம் இரண்டாவது மாத்திரை. தாமதமாக வரும் தடிப்பும் உண்டு என்பதால் சனியும் ஞாயிறும் காத்திருந்தோம். காலையும் மாலையும் மாத்திரை, காலையும் மாலையும் உருப்பெருக்கி. ஞாயிறு இரவு எனக்கு உள்ளங்கை அரித்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலை கிருமி டாக்டர் கையில் கத்திரிக்கோலோடு வந்தார். அவர் பின்னால் எலும்பு டாக்டரும் இரண்டு நர்ஸ்களும். "அம்மா, கையை நீட்டுங்க" என்று சொல்லிச் சிவப்புப் பட்டையை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். ஒரு நர்ஸ் கை தட்டினாள். எலும்பு டாக்டர் காயத்தைப் பிரித்துப் பார்த்தார். ஈரம் குறைந்திருந்தது. தியேட்டருக்குப் போன் செய்து, "அந்த மூட்டு கேஸ் ரத்து" என்றார். முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் நிராகரித்த பெட்டி ஒன்று மறுசோதனையில் தேறி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். எழுந்து நின்று இரண்டு டாக்டருக்கும் கை கொடுத்தேன். பிறகு சுவரில் இருந்த கிருமிநாசினியை அழுத்தி இருவர் கையிலும் ஊற்றினேன், என் கையிலும்.

"இப்பவாவது கை கழுவற புத்தி வந்துச்சே" என்றாள் கட்டிலில் இருந்தவள்.

எழுதிக் கொடுத்தது ஆறு மாதத்துக்கு, தினம் இரண்டு. கூட ஒரு சிவப்புக் காப்ஸ்யூல். அது எங்கள் ஓய்வூதியர் மருத்துவத் திட்டத்து மருந்தகத்தில் இலவசமாகக் கிடைத்தது. சல்பா கிடைக்கவில்லை. யாரும் கேட்பதில்லை, அதனால் நாங்கள் வாங்கி வைப்பதில்லை என்றார்கள். மௌலா அலி ஸ்டேஷன் சாலையில் கடை கடையாக ஏறினேன். நான்காவது கடையில் இருந்த பெரியவருக்கு என் வயதே இருக்கும். சீட்டை மூக்குக்கு அருகில் பிடித்துப் படித்தார்.

"யே கோலி? அப் கோன் லிக்தே சாப் இஸ்கோ!" என்று, இந்த மாத்திரையை இப்போது யார் எழுதித் தருகிறார்கள் என வியந்து, ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். கெடு தேதி பார்த்தேன். ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தேன்.

"எல்லாம் ஒரே பெட்டி, ஒரே தேதிதான் சாப்" என்று தெலுங்கில் அலுத்துக்கொண்டார்.

"ஹவ்" என்று ஆமாம் போட்டுவிட்டு மிச்ச அட்டைகளையும் பார்த்தேன்.

ஆறு மாதமும் எனக்கு நிம்மதி கிடையாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு மாதத்துக்கு இரண்டு. பொட்டாசியம் ஏறும் என்று சொல்லியிருந்ததால் இளநீரையும் வாழைப்பழத்தையும் வீட்டுக்குள் விடவில்லை. அவளுக்கோ வேறு வேலை கிடைத்துவிட்டது. எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்து ஆட்கள் யார் பார்க்க வந்தாலும், "உங்களுக்கு என்ன மருந்து ஆகாது?" என்று விசாரிப்பாள். யாராவது பென்சிலின் என்றால் போதும். "எப்போ? எங்க தடிச்சுது? யார் சொன்னா?" என்று பிடித்துக்கொள்வாள். கடைசியில், "நீங்களா முடிவு பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. கேக்கும்போது வீட்டுக்காரரை வெளிய உக்கார வைங்க" என்று அனுப்புவாள். மூன்று பேர் போய்க் கேட்டார்கள். இருவருக்குச் சோதித்துவிட்டு, ஒவ்வாமையே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒருவருக்கு நிஜமாகவே ஆகாது. அதுவும் நல்லதுதான், இப்போது உறுதியாகத் தெரிகிறது.

செப்டம்பரில் காயம் மூடியது. அக்டோபரில் தடியோடு நடந்தாள். கிரியாட்டினின் இறங்கி நின்றது, பிளேட்லெட் ஏறி நின்றது. பொங்கலன்று தடியைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு அடுப்படியில் நின்று பொங்கல் வைத்தாள். நான் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். அதில் அரிசித் தவலையை வைத்தாள்.

பிப்ரவரி 4ஆம் தேதி கடைசி மாத்திரை. வழக்கம்போல் இரண்டு டம்ளர் தண்ணீர். அடுத்த வாரம் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சப் பலகையில் மாட்டிப் பார்த்து, மூட்டு அசையாமல் எலும்பைக் கவ்வி நிற்கிறது என்றார். நடந்து காட்டச் சொன்னார். அவள் தாழ்வாரத்தின் கோடி வரைக்கும் போனாள். திரும்பி வருவாள் என்று நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். அவள் வரவில்லை. அங்கேயே இருந்த கிருமி டாக்டரின் அறைக்குள் நுழைந்துவிட்டாள். நான் போய்ச் சேரும்போது திருநெல்வேலியைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"சார், உங்க மேடம் பேரும் இந்த வருஷக் கோட்டுல ஒரு புள்ளி" என்றார் டாக்டர். "ஏறுற கோட்டுல."

"மேல இருக்கற புள்ளிதானே?" என்றாள் என் மனைவி.

அறுவை சிகிச்சை, அறை, ஊசி, ஆய்வகம், காப்ஸ்யூல் எல்லாவற்றையும் மருத்துவத் திட்டம் ஏற்றுக்கொண்டது. சல்பா மாத்திரைக்கான பில்லை மட்டும் அவர்கள் பட்டியலில் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வேறு சமயமாக இருந்தால் மேல்முறையீடு எழுதியிருப்பேன், இரண்டு நகலோடு. இதற்கு எழுதத் தோன்றவில்லை. அவள் காலை மீட்க என் கையிலிருந்து போனது, அட்டை இருபத்து நான்கு ரூபாய் வீதம் முப்பத்தாறு அட்டைக்கு, எண்ணூற்று அறுபத்து நான்கு ரூபாய்.